மூன்று மில்லி

மருத்துவமனையில் தொலைந்துபோன கத்தரிக்கோல், ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தெருவின் இடது ஓரமாகவே நடந்து வந்து, பட்டறைக்குள் நுழைந்து, தனக்காக வெட்டியிருந்த பள்ளத்தில் படுத்துக்கொண்டது. ரவுட்டர் அக்கா அதைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். அறுவைக் கருவிகளுக்கு மரத்தட்டு செய்வது அவள் தொழில்; ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் உருவத்தில் மரம் குடையும் ரவுட்டர் மெஷினால் ஒரு பள்ளம் எடுப்பாள். தொலைந்ததற்கும் ஓர் இடம் இருக்கட்டுமே, தட்டு மொட்டையாகத் தெரிய வேண்டாமே என்றுதான் அதையும் வெட்டியிருந்தாள். அதற்கப்புறம், தொலைந்ததற்கெல்லாம் பள்ளம் வெட்டச் சொல்லி ஊரே அவள் வீட்டு வாசலில் நின்றது. மூக்குக்கண்ணாடிகள் மறுநாளே வந்தன. ஒரு பல்செட்டு மூன்று நாள் தாமதமாக, வழியில் யாரையோ கடித்துவிட்டு வந்தது. அச்சாகப் பொருந்திய பொருள் அதன்பிறகு தொலைவதில்லை. பள்ளம் பெரிதாகிவிட்டால் இரண்டு நாள் கடகடவென்று ஆடிவிட்டு எழுந்து போய்விடும். இதில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. மழைக்காலத்தில் மட்டும், வருகிற சாமான் நனைந்து துருப்பிடிக்குமே என்று கவலைப்பட்டார்கள்.

வராமலே இருந்தது அவள் தம்பி ஒருவன்தான். பத்தொன்பது வயதில், அம்மாவின் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பெட்டி செய்கிறேன் என்று அவளைக் கேட்காமல் மெஷினை ஓட்டி, மோட்டாரைப் புகைய விட்டான். அவள் சம்பாத்தியம் முழுக்க அந்த மெஷினில்தான் ஓடிக்கொண்டிருந்தது. “இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத!” என்று கத்தினாள். கோபத்தில் ஆயிரம் பேர் சொல்கிற வார்த்தை, ஆறினதும் சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள். ஆனால் அவன் சின்ன வயதிலிருந்தே சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. வாசல்படியாகக் கிடந்த அகலப் பலகையை மிதிக்காமல் தாண்டிக் குதித்துப் போய்விட்டான், செருப்புகூடப் போடவில்லை. இருபது வருஷம் ஓடியது. அம்மாவின் கண்ணாடி அந்த அரைகுறைப் பெட்டியில், மூடி சேராமலேயே கிடந்தது. அம்மா வாசலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்து, “வந்துட்டானா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு சாயங்காலம் கண்ணை மூடினாள்.

எதிர்க்கடையில் பூட்டு ரிப்பேர் செய்பவருக்கு நாக்கு கொஞ்சம் நீளம். “ஊரான் சாமானையெல்லாம் கூப்பிட்டுக் கொண்டாந்து வைக்கிறீங்க. சொந்தத் தம்பிக்கு ஒரு பள்ளம் வெட்டக் கை வரலையா?” என்று கேட்டுவிட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. வெட்டினால் வருவான் என்று அவளுக்குத் தெரியும். வந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது என்பதுதான் தெரியவில்லை. அன்றே பரணிலிருந்து அவன் செருப்பை எடுத்தாள். அதில் அவன் பாதம் கறுப்பாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்து அச்சு எடுத்து, எதை மிதிக்காதே என்றாளோ அந்தப் பலகையிலேயே இரண்டு பாதங்களை வெட்டினாள். அச்சு எடுக்கும்போதே அழுதாள், அதில்தான் தப்பு நடந்தது. ரவுட்டரின் அடியில் புஷ் என்று ஒரு வளையம் உண்டு. அது அச்சின் ஓரத்தை உரசிக்கொண்டு ஓடும். மரத்தைக் குடையும் பிட் அதற்கு மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளித்தான் வெட்டும். அதனால் அச்சைச் சுற்றிலும் மூன்று மில்லி பெரிதாக எடுக்க வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற விஷயம். அவள் மறந்துபோனாள், பள்ளம் சுற்றிலும் மூன்று மில்லி சிறிதாகிவிட்டது.

மறுநாள் நாலு இருபதுக்கு, தோளில் பள்ளிக்கூடப் பையோடு தம்பி வந்தான். இரண்டு காலையும் பள்ளத்தில் வைத்தான், அச்சாகப் பொருந்தியது. நீளத்தில் ஆறு மில்லி குறைந்த அந்தப் பாதம் அவனுக்குப் பதினாலு வயதில் இருந்த பாதம். “அக்கா, பசிக்குது. அம்மா எங்க?” என்றான்.

“சித்தி வீட்டுக்குப் போயிருக்காங்கடா.” வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“உனக்கென்ன தலையெல்லாம் வெள்ளையா?”

“மரத்தூள்டா.”

பள்ளிக்கூடத்தில் ஒன்றும் சிக்கல் வரவில்லை. பழைய பதிவேட்டில் அவன் பெயர் இருந்தது. குமாஸ்தா விட்ட இடத்திலிருந்து வருகை போட ஆரம்பித்தார். ஒரு வருஷம் வீட்டில் சத்தம் இருந்தது. அம்மா எப்போது வருவாள் என்று வாரத்துக்கு ஒரு தடவை கேட்பான், அவள் வாரத்துக்கு ஒரு பொய் சொல்வாள். பூட்டுக்காரர் பள்ளத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, “புஷ் கழிக்கலையா நீங்க? அஞ்சு நிமிஷ வேலை. மூணு மில்லி எடுத்து விட்டா பெரியவன் வந்துடுவான்” என்றார். “அப்ப இவன்?” என்று கேட்டாள். ஒரு பள்ளத்தில் ஒன்றுதானே படுக்கும். அவர் கடைக்குப் போய்விட்டார்.

பையனைக் கொஞ்சக் கொஞ்ச, அவளுக்கு அன்றைக்குத் திட்டியதுதான் நினைவுக்கு வந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “என்னை மன்னிச்சிருடா” என்றாள். “எதுக்கு? என் பேனாவ எடுத்தியா?” என்று கேட்டான். இருபது வருஷமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய மன்னிப்பு. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியவன் இவன் இல்லை. இவன் இன்னும் திட்டே வாங்கவில்லை. அதற்குள் அவன் கால் வளர ஆரம்பித்தது. தினமும் வீட்டுக்குள் வரும்போது பள்ளத்தின் ஓரம் குதிகாலைச் சீவியது. “படி கடிக்குதுக்கா” என்பான். மருந்து போட்டாள், துணி சுற்றினாள். சுற்றிய துணியையும் மீறி ரத்தம் வந்தது. தாண்டி வாடா என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. ஒரு தடவை தாண்டியவன் போனது போனதுதானே.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் தலையை வாரிவிட்டு அனுப்பினாள். தெருமுனை வரை போனவனை இரண்டு தடவை திரும்பக் கூப்பிட்டாள். “என்னக்கா?” என்றான். “ஒண்ணுமில்ல, போ” என்றாள். பிறகு புஷ்ஷுக்குக் கழித்து, புது அச்சு எடுத்து, சுற்றிலும் மூன்று மில்லியை வெட்டித் தள்ளினாள். தூளை ஊதக்கூட மனம் வரவில்லை. பெற்ற பிள்ளையைத் தொலைத்தவள் போல அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

நாலு இருபதுக்கு யாரும் வரவில்லை. ஆறு மணிக்கு, காதோரம் நரைத்த ஒருவன் வந்து, படிக்கு ஓர் அடி தள்ளித் தெருவிலேயே நின்றான்.

“அக்கா. அம்மா எங்க?”

இந்தத் தடவை அவள் பொய் சொல்லவில்லை. “அம்மா செத்துப் போயிட்டாங்கடா. பத்து வருஷம் ஆச்சு. கடைசி வரைக்கும் இந்த வாசலத்தான் பாத்துட்டு இருந்தாங்க. நான் சொன்னது தப்புடா. அன்னைக்கே தப்புன்னு தெரியும்.”

அவன் நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதான். வெகுநேரம் கழித்துப் பலகையைக் காட்டி, “மிதிக்கலாமா?” என்று கேட்டான்.

“மிதிடா.”

ஷூவைக் கழற்றினான். இரண்டு குதிகாலிலும் பழைய தழும்பு கோடாக ஓடியது. அது ஏது என்று அவள் கேட்கவில்லை. அவனாகவே, “பதினாலு வயசுலேர்ந்து இருக்குக்கா, எப்பிடி வந்துச்சுன்னு தெரியல” என்றான். கால் வைத்தான், மயிரிழை இடைவெளி இல்லை. உள்ளே போய் அம்மாவின் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தான், அரைகுறைப் பெட்டியைத் திறந்து பார்த்தான். அதற்கப்புறம் அவன் எங்கும் போகவில்லை. தெருவில் எல்லோரும் அவன் இவ்வளவு நாளும் இங்கேயே இருந்தவன் மாதிரிதான் பேசினார்கள்.

இப்போதும் நாலு இருபது ஆனால் அவள் மெஷினை நிறுத்திவிட்டு வாசலைப் பார்க்கிறாள். உள்ளே மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருக்கும் தம்பி, “யாரக்கா பாக்குற?” என்று கேட்பான்.

“உன்னத்தான்டா” என்று சொல்லிவிட்டு, மறுபடி மெஷினைப் போடுவாள்.