ஜோஸ்பினுக்கு எதைக் கொடுப்பது

1

இந்தக் கதை ஒரு காலியிடத்தை நிரப்ப எழுதப்படுகிறது. அதை மறைப்பதில் பயனில்லை. உங்கள் கையிலுள்ள தொகுப்பில் நாற்பத்தொன்றாம் பக்கம் முதல் ஐம்பத்திரண்டாம் பக்கம் வரை வேறொரு கதை இருந்தது. இப்போது இல்லை. "பன்னெண்டு பக்கம் காலியா நிக்குது மேடம், எதையாவது குடுங்க" என்று பதிப்பாளர் சாமிநாதன் கேட்டார். அந்தக் கதை ஏன் இல்லை என்பதைத் தவிர, எழுதுவதற்கு என்னிடம் இப்போது வேறெதுவும் இல்லை.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"ஒதியம்பட்டில் ஜோஸ்பின் என்றொரு பெண் இருந்தாள்..." (இப்படித் தொடங்கினால் நீங்கள் உடனே ஒரு சோகத்துக்குத் தயாராகிவிடுவீர்கள்.)

"சுவர்களுக்கும் ஞாபகம் உண்டு என்பதை ஜோஸ்பின்தான்..." (இப்படி எழுதித்தான் போன முறை மாட்டிக்கொண்டேன்.)

"கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள் காலை வரை, ஜோஸ்பினுக்கு எதைக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை."

மூன்றாவது உண்மை. அதிலிருந்தே போகிறேன்.

2

என் பெயர் ஹப்சா. வில்லியனூரில் என் கணவர் மாலிக் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். ஜோஸ்பினும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் அரசுப் பள்ளிச் சுவர்களில் படம் வரைகிறாள். அ-வுக்கு அணில், கோள்கள், இந்திய வரைபடம், கை கழுவும் குழந்தைகள். பதினோரு வருடமாக இதுதான் தொழில். பெயிண்ட் எங்கள் கடையில்தான் வாங்குவாள். கிறிஸ்மஸுக்கு நான் அவளுக்கு ஏதாவது கொடுப்பேன், பெருநாளைக்கு அவள் எனக்கு.

வரையும் ஒவ்வொரு பள்ளியிலும் ஏதோ ஒரு மூலையில் தனக்காக ஒன்று வரைவாள். பார்க்கிறவர்களுக்கு அது மற்ற படங்களைப் போல ஒரு படம். அது ஏன் என்று இரண்டு வருடங்களுக்கு முன்பு, பாகூரிலிருந்து திரும்பும் பேருந்தில், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி எனக்குச் சொன்னாள். (என்ன, ஏன் என்பதை இங்கே எழுத மாட்டேன். இந்தக் கதையில் நான் ஒளிப்பவற்றில் இது முதலாவது.)

நான் அதைக் கதையாக்கினேன். அவள் பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். சுவரை மாற்றவில்லை. சுவரை மாற்றினால் கதையே இல்லை. போன ஜூனில் ஒரு பத்திரிகையில் வந்தது. நான் எழுதியதிலேயே நல்ல கதை அதுதான், இதை அடக்கத்துக்காக மறைத்து என்ன ஆகப்போகிறது. இந்தத் தொகுப்புக்கும் அதன் பெயரையே வைத்திருந்தோம்.

ஒரு பள்ளியின் ஆசிரியை அதைப் படித்துவிட்டு, தங்கள் சுவரில் அந்த மூலையைக் கண்டுபிடித்து, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.* பிள்ளைகள் இடைவேளையில் போய்த் தொட்டுப் பார்த்தார்கள். வேறொரு பள்ளியில் வேலை கேட்கப் போன ஜோஸ்பினிடம், "அது நீங்கதானாம்மா?" என்று ஒருவர் அன்பாகவே கேட்டிருக்கிறார்.

அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. கடைக்கும் வரவில்லை.

"நீ கதை எழுதுன, எனக்கு ஒரு கஸ்டமர் போச்சு" என்றார் மாலிக். கோபமாகச் சொல்லவில்லை. பெயிண்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

* அந்த ஆசிரியை எனக்கும் ஒரு கடிதம் எழுதியிருந்தார். மிக நல்ல கடிதம். அதை நான் நான்கு முறை படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

3

இருபத்துநான்காம் தேதி காலை, கைப்பேசியில் தேடினேன்: படைப்பாற்றல் உள்ள நண்பர்களுக்குக் கடைசி நேரக் கிறிஸ்மஸ் பரிசுகள். நிறைய வந்தன. ஸ்கெட்ச் புத்தகம். வாட்டர் கலர் பெட்டி. வாசனை மெழுகுவர்த்தி. கலைஞர்களைப் புகழ்ந்து ஏதோ எழுதிய காபி கோப்பை.

எழுதுகிறவளுக்கு எல்லோரும் டைரி கொடுப்பார்கள். என் பீரோவில் ஒன்பது கிடக்கின்றன, ஒன்றிலும் ஒரு வரி இல்லை. கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்களில்லை. ஆனால் ஒவ்வொரு டைரியும் "எழுது, எழுது" என்று அதட்டுகிறது. வரைகிறவளுக்கு பிரஷ் கொடுப்பதும் அதே அதட்டல்தானே? அதிலும், வரைந்ததைப் பிடுங்கிக்கொண்ட நானே கொடுத்தால்...

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

"என்னங்க, அவளுக்கு எதைக் கொடுக்கலாம்?"

"ஒரு லிட்டர் எனாமல் குடு. ஒதவும்."

நான் அவர் பேச்சைக் கேட்காமல் பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோரில் மரப்பெட்டிக்குள் அடுக்கிய பிரஷ் செட் ஒன்றை வாங்கினேன். பார்க்க அழகாக இருந்தது.

4

பதினொரு மணிக்கு அருள்மொழி கடைக்கு வந்தாள். ஜோஸ்பினுக்கு நாத்தனார், திருபுவனையில் கம்பெனி வேலை. கிறிஸ்மஸ் குடிலுக்கு சீரியல் லைட் கேட்டு வந்தாள்; டிசம்பரில் அதையும் கடையில் வைப்போம். நான் அங்கே உட்கார்ந்திருப்பதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஜோஸ்பின் வூட்லதான இருக்கா?" என்றேன்.

"இல்லக்கா. மூணு நாளா ஸ்கூல் ஸ்கூலா போயி அந்த மூலைங்கள எல்லாம் வெள்ளையடிச்சி மூடிட்டு வருது. லீவுல யாரும் இருக்க மாட்டாங்கள்ல. இன்னிக்கி பாகூர். அதான் கடைசி."

"எதுனா சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல. உங்க புக்கு வருதுன்னு போன்ல பாத்துது. அதுலேந்துதான் போவுது."

(இந்த இடத்தில் அருள்மொழி என்னைத் திட்டுவதாக முதலில் எழுதினேன். காட்சி நன்றாக வந்தது. ஆனால் அவள் திட்டவில்லை. பச்சை லைட் எரிகிறதா என்று பிளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, "வரேன்க்கா" என்று போய்விட்டாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.)

நான் பிரஷ் பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

5

ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் தாண்டிப் பாகூர் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. பள்ளி வாசல் திறந்திருந்தது. ஜோஸ்பின் ஏணியில் நின்றிருந்தாள், கையில் வெள்ளை பெயிண்ட் டப்பா. இன்னும் பிரஷை அதில் நனைக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அந்த ஏணிய புடி. தரை சரியில்ல, ஆடுது."

பிடித்தேன்.

"இன்னா, வந்த?"

"கிறிஸ்மஸ்."

"அது நாளைக்கி."

பெட்டியை நீட்டினேன். மேலிருந்தே வாங்கித் திறந்து, ஒரு பிரஷை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள்.

"இது பேப்பருக்கு. செவுத்துல ஒரு இழுப்பு இழுத்தா முடி கொட்டிரும். பெயிண்ட் கடைக்காரர் பொண்டாட்டிக்கி இதுகூடத் தெரியல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மன்னிச்சிருடி."

"அதக் கேக்காத. கேட்டா நான் எதுனா பதில் சொல்லணும்." பெட்டியை மூடிக் கொடுத்தாள். "கதைய படிச்சேன். நல்லாதான் இருந்துது. உன்கிட்ட பஸ்ல சொன்னப்ப நான் அழுவல. உன் கதையில அவ அழுவுறா. அத படிச்சிட்டுதான் நான் அழுதேன். அது எனக்குப் புடிக்கல."

பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு ஏணியை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுடி. இப்ப அந்த மூலை முன்னாடி போயி நின்னா எனக்கே உன் கதைதான் ஞாபகத்துக்கு வருது. நான் சொன்னது வரல."

டப்பாவை ஏணிப் படியில் வைத்தாள்.

"புக்குல வருதாமே?"

"ஆமா."

"எத்தினி புக்கு?"

"ஐந்நூறு."

தலையை ஆட்டினாள். அதை எடுத்துவிடு என்று அவள் கேட்டதாக எழுதினால் எனக்குச் சௌகரியம். அவள் கேட்கவில்லை. பிரஷை டப்பாவில் நனைத்து, விளிம்பில் வழித்தாள்.

6

ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி மறுகையால் சாமிநாதனைக் கூப்பிட்டேன்.

"சார், புக்குலேந்து ஒரு கதைய எடுக்கணும்."

"எத?"

"தலைப்புக் கதைய."

"மேடம், அட்டை டிசைன் முடிஞ்சிச்சி. நாளன்னிக்கி பிரஸ்ஸுக்குப் போவுது. அந்தக் கதைக்காகத்தான் நான் புக்கே போடுறேன்."

"தெரியும் சார்."

"காரணமாவது சொல்லுங்க."

"ஏணி புடிச்சிட்டு நிக்கிறேன் சார். அப்புறம் சொல்றேன்."

(உண்மை: பேசிக்கொண்டிருந்தபோது, முடியாது என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சொல்லியிருந்தால், கேட்டேன், முடியவில்லை என்று ஜோஸ்பினிடம் சொல்லியிருக்கலாம். கதையும் இருந்திருக்கும், நான் கேட்டதும் இருந்திருக்கும். அவர் "சரி" என்று சொல்லிவிட்டார்.)

ஜோஸ்பின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். பிரஷிலிருந்து ஒரு சொட்டு என் முக்காட்டில் விழுந்தது.

"பத்திரிகையில வந்தது வந்ததுதான்" என்றாள்.

"ஆமா."

"படிச்சவங்க படிச்சவங்கதான்."

"ஆமாடி."

"கெட்டியா புடி" என்றாள். சுவர் பக்கம் திரும்பினாள்.

7

இங்கே ஒரு முடிவு வேண்டும். மூன்று எழுதினேன்.

ஒன்று: ஜோஸ்பின் இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொள்கிறாள். (அவள் அப்படிப்பட்டவள் இல்லை. கையில் பெயிண்ட் வேறு.)

இரண்டு: மூலையை முழுக்க வெள்ளையால் மூடிவிட்டு, ஏணியை மடக்கி, வா போகலாம் என்கிறாள்.

மூன்று: பிரஷைத் துடைத்து, டப்பாவை மூடுகிறாள். மூலை அப்படியே இருக்கிறது.

முதலாவது நடக்கவில்லை. மற்ற இரண்டில் ஒன்று நடந்தது.

இதுவரை எழுதியதை இருபத்தேழாம் தேதி ஒதியம்பட்டுக்கு எடுத்துப் போனேன். சாமிநாதன் எனக்காக அச்சை ஒரு வாரம் தள்ளிப் போட்டிருந்தார். ஜோஸ்பின் கேக் தட்டை என் மடியில் வைத்துவிட்டு, குடிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை படித்தாள். இரண்டு இடத்தில் பேனாவால் அடித்தாள். அந்த இரண்டும் இதில் இல்லை.

"போடலாமா?"

"போடு. அந்தச் செவுரு இன்னாச்சின்னு மட்டும் போடாத."

"முடிவு இல்லாம எப்படிடி ஒரு கதை?"

"முடிவு வேணும்னா உன் வூட்டுச் செவுத்துல வச்சிக்க."

ஆகவே அந்த முடிவு உங்களிடம் வருகிறது. பாகூர் கொம்யூனின் ஊர்களில் அரசுப் பள்ளிகள் நிறைய, பேருந்தும் நிறைய. விடுமுறை முடிந்தால் வாசல் திறந்திருக்கும். ஒவ்வொரு சுவராகப் பார்த்து, எங்கேயாவது ஒரு மூலை மட்டும் புது வெள்ளையாக இருக்கிறதா என்று நீங்கள் தேடலாம். தேடாமலும் இருக்கலாம். தேடாமல் இருந்தால், அது ஜோஸ்பினுக்கு நீங்கள் கொடுப்பது. கிறிஸ்மஸ் போய்விட்டதே என்று பார்க்காதீர்கள். தாமதமாக வந்ததையும் அவள் வாங்கிக்கொள்வாள்.