எட்டு நிமிட மூப்பு

பஸ்ஸில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. பெரியவள் உட்கார்ந்தாள். சின்னவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவருக்கும் ஐம்பத்தேழு வயது. நடுவில் எட்டு நிமிடம்.

அந்த எட்டு நிமிடத்தை வைத்துப் பெரியவள் ஒரு வாழ்க்கையையே நடத்தியிருந்தாள். ஜன்னலோரம் அவளுடையது. சண்டையில் கடைசிச் சொல் அவளுடையது. எதைக் கடன் கொடுத்தாலும் திருப்பித் தரவேண்டிய தேதியையும் சேர்த்தே கொடுப்பாள். போன வாரம் சின்னவள் அவளிடம் சக்கரம் வைத்த பெட்டியை வாங்கியிருந்தாள்.

"பெட்டிக்குள்ள ஈரத்துணி வைக்காதே."

"நான் இன்னும் கிளம்பவே இல்லக்கா."

"கிளம்பின பிறகு யார் சொல்றது?"

சின்னவளின் மகள் கடல் தாண்டி இருந்தாள். தலைப்பிரசவம். இன்னும் ஏழு வாரம். மருமகனுக்குக் கப்பலில் வேலை. குழந்தை பிறக்கும்போது அவன் நடுக்கடலில் இருப்பான். "நீ வந்துடுவேல்லம்மா?" என்று மகள் தினமும் கேட்டாள். வந்துவிடுவேன் என்று சின்னவள் தினமும் சொன்னாள். வர பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. வேலைக்கும் கல்யாணத்துக்கும் அவள் நேரில் போய் நின்றதே போதுமானதாக இருந்தது.

பதிவு அலுவலகத்தில் இரண்டு கவுன்டர்கள். இடது பக்கம் பிறப்பு, வலது பக்கம் இறப்பு. இறப்பு வரிசை வேகமாக நகர்ந்தது.

எழுத்தர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அரை மணி கழித்து ஒரு பதிவேட்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரு கையிலும் ஏந்தி வந்தார். அடிக்கோலை வைத்து வரிவரியாக இறக்கினார். ஓரிடத்தில் கோல் நின்றது.

"இருக்கு," என்றார். பிறகு, "ஆனா இல்லை."

இரண்டு வரிகள். ஒரே தேதி, ஒரே தகப்பன், ஒரே தாய். மேல் வரியில் பெண், காலை 4.10. கீழ் வரியில் பெண், காலை 4.18. கீழ் வரியின் குறுக்கே சிவப்பு மையில் நேர்த்தியான ஒரு கோடு. ஓரத்தில்: இருமுறைப் பதிவு, நீக்கப்பட்டது. கீழே சுருக்கொப்பம்.

"அந்தக் காலத்துல ஆஸ்பத்திரிலேருந்தும் எழுதி அனுப்புவாங்க, அப்பாக்களும் வந்து எழுதிட்டுப் போவாங்க," என்றார் எழுத்தர். "ஒரே குழந்தை ரெண்டு தடவை ஏறிடும். அதனால வருஷக் கடைசில ஒருத்தர் உட்கார்ந்து ரெண்டாவதை அடிப்பார்."

"நேரம் வேற வேறயா இருக்கே," என்றாள் சின்னவள்.

"எட்டு நிமிஷம்தானேம்மா. ஆஸ்பத்திரிக் கடிகாரம் ஒண்ணு காட்டும், அப்பா கடிகாரம் ஒண்ணு காட்டும்னு நினைச்சிருப்பார். ரொம்ப கவனமானவர். அந்த வருஷம் மட்டும் முப்பத்தொன்பது பேரை அடிச்சார். பாராட்டுக் கடிதம்கூட வாங்கினார்."

பெரியவள் பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள். "நீ அதிகப்படி."

எழுத்தர் பெரியவளைப் பார்த்தார். சின்னவளைப் பார்த்தார். மறுபடி பெரியவளைப் பார்த்தார்.

"நீங்கதானே இவ்வளவு நேரம் பேசினது?"

"இல்ல, அவ."

"ரெண்டு பேரா வந்திருக்கீங்களா?" என்றார். அதுவரை அவர் நிமிர்ந்து பார்த்திருக்கவில்லை.

சின்னவள் வழி கேட்டாள். வழிகள் இருந்தன. பதிவு இல்லை என்று சான்று வாங்கினால் தாமதப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் பதிவு இருக்கிறது, அடித்துத்தான் இருக்கிறது. எனவே இல்லை என்று தர முடியாது. அடித்தது தப்பு என்று அடித்தவரே எழுதித் தந்தால் ஒரே நாளில் சரியாகிவிடும்.

"அவர் எங்க இருக்கார்?"

"இறந்துட்டார்."

"அவருக்குச் சர்டிபிகேட் இருக்கா?" என்றாள் பெரியவள்.

"மூணாவது அலமாரி. இப்பவே எடுத்துத் தரலாம்."

மூன்றாவது வழி, கோப்பு மேலிடத்துக்குப் போவது. ஆறு மாதம். ஆட்கள் குறைவு என்பதால் எட்டும் ஆகலாம்.

சின்னவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். திறந்தாள். மூடினாள். உள்ளே போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரியவளிடம் நீட்டினாள். மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். புதுத் தொட்டில். கீழே எழுதியிருந்தது: 'நானே பூட்டிட்டேன். ஒரு திருகாணி மிச்சம். எங்கன்னு தெரியல. நீ வந்து பாரு.'

பெரியவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தொட்டிலின் நான்கு கால்களையும் பார்த்தாள்.

"மிச்சம்னா என்ன அர்த்தம்? எங்கேயோ ஒண்ணு இல்லேன்னு அர்த்தம்," என்றாள். "அதுலயா குழந்தையப் போடுவா?"

சின்னவள் போனைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டாள்.

பெரியவள் எழுத்தரிடம் திரும்பினாள். "மேல் வரில பேர் இருக்கா?"

"இல்லம்மா. பேர் வைக்கறதுக்கு முன்னாடியே பதிஞ்சிடுவாங்க. பின்னால யாராவது வந்து சேர்க்கணும். யாரும் வரல."

"யார் வந்தா சேர்ப்பீங்க?"

"அந்தத் தேதில, அந்த அப்பா அம்மாவுக்குப் பிறந்த பெண் வந்தா."

"ரெண்டு பேர் நிக்கிறோமே."

"பதிவுப்படி ஒருத்தர்தான்."

பெரியவள் சிவப்புக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப இவ பேரைப் போடுங்க."

"அக்கா, அது நீ," என்றாள் சின்னவள்.

"எனக்குத் தெரியாதா? சும்மா இரு."

எழுத்தர் இருபுறமும் பார்த்தார். மறுக்க ஒரு விதியைத் தேடுவதுபோல மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். விண்ணப்பதாரரைப் பிறந்ததிலிருந்து அறிந்த ஒருவர் அதில் உறுதிமொழி தரவேண்டும்.

"எத்தனை வருஷமா தெரியும்?"

"ஐம்பத்தேழு. அதுக்கு முன்னாடியும் தெரியும். உள்ளேயே உதைச்சுக்கிட்டேதான் இருந்தா."

"ஐம்பத்தேழு போதும். உறவு?"

பெரியவள் பேனாவை வைத்தாள். எழுத்தர் கையை உயர்த்தினார்.

"உறவினர்னு எழுதினா, அடுத்த கட்டத்துல உங்க பிறந்த தேதியையும் கேக்கும். அதையும் எழுதினா கோப்பு மேல போகும். உறவு இல்லேன்னா அந்தக் கட்டத்துக்கு வேலை இல்ல. நான் எதுவும் சொல்லல. படிவத்துல இருக்கறதைப் படிச்சேன்."

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். தன் மூக்கு, தன் நெற்றி, தன் இடது புருவத்தின் சுழி. குனிந்து 'தெரிந்தவர்' என்று எழுதினாள். கையெழுத்தும் போட்டாள்.

எழுத்தர் அதை வாங்கிக் கணினியில் ஏற்றினார். அச்சு இயந்திரம் இரண்டு முறை இருமிவிட்டு ஒரு தாளைத் தள்ளியது. அவர் முத்திரை வைத்தார். நல்லவர்தான். கொஞ்சம் கவலையும் பட்டார்.

"நாளைக்கு உங்களுக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்னா என்னம்மா பண்ணுவீங்க?"

"நான் எங்க போகப்போறேன்? ஒரே ஒரு தடவை போவேன்." வலது பக்கக் கவுன்டரைக் காட்டினாள். "அதுக்குப் பிறந்த ஆதாரம் கேப்பீங்களா?"

எழுத்தர் யோசித்தார். "இல்லம்மா. டாக்டர் எழுதினா போதும்."

"பாருங்க, எவ்வளவு சுலபம்."

திரும்பும் பஸ்ஸிலும் ஓர் இடம்தான் இருந்தது. பெரியவள் உட்கார்ந்தாள். ஜன்னலோரத்தில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் நின்றபடி மகளுக்குச் செய்தி அனுப்பினாள்: 'கிடைச்சிடுச்சு. வரேன். திருகாணியைப் பத்திரமா வை.'

"அதைக் கொடு," என்றாள் பெரியவள்.

சின்னவள் சான்றிதழைக் கொடுத்தாள். பெரியவள் அதைத் தூரமாகப் பிடித்துப் படித்தாள்.

"காலை நாலு பத்து."

"ஆமாக்கா."

"இது என் நேரம்."

"தெரியும்."

"பெட்டியோட சேர்த்துத் திருப்பித் தரணும்."

"சரிக்கா."

"மடிக்காம."

"சரிக்கா."

அடுத்த நிறுத்தத்தில் தூங்கியவர் திடுக்கிட்டு எழுந்து இறங்கினார். ஜன்னலோரம் காலியானது. பெரியவள் நகரவில்லை. முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள். சின்னவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு அவளைத் தாண்டிப் போய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். பஸ் திரும்பியது. வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது.

"வெயில் அடிக்குதுக்கா."

"அடிக்கும்," என்றாள் பெரியவள். "நான் என்ன, இத்தனை வருஷம் சும்மாவா உட்கார்ந்திருந்தேன்?"