கூண்டுக்குள் டிரம்ஸ்காரன்

ஆராதனைக் குழுவின் டிரம்ஸ்காரன் உட்கார்ந்து வாசிக்கும் கண்ணாடிக் கூண்டின் கதவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பாட்டுக்கும் மூன்றாம் பாட்டுக்கும் நடுவில் காணாமல் போனது. எந்தத் திருச்சபையையும் சேராத ராக் குழு அது. வாடகை மண்டபத்தில் சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் போலீசுக்குப் போனதால் செய்த கூண்டு. உள்ளே என்ன அடித்தாலும், என்ன பேசினாலும் மைக் வழியாகத்தான் வெளியே வரும். எல்லோரும் வயரைச் சுருட்டிக் கிளம்பியபோது அவன் மட்டும் உள்ளே நின்று தட்டிக்கொண்டிருந்தான். கீல் இருந்த இடம்கூட வழவழவென்று இருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் சுத்தியலால் அடித்துப் பார்த்துவிட்டு, தன் கைதான் வலிக்கிறது என்று போய்விட்டார்.

அவன் மனைவி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. குழுவின் பாடகர் அவனுடைய சொந்த அண்ணன் என்பதால் அவரிடமே போய் நின்றாள். முன்பின் தெரியாதவர்களின் முட்டிவலிக்கெல்லாம் மேடையில் அழுது ஜெபித்த மனுஷன், "ஆல்பம் முடியட்டும்மா. ஆண்டவரே அவனை ஒரு இடத்துல உக்கார வெச்சிருக்காரு. முன்னல்லாம் ஒரு ரிகர்சலுக்காவது நேரத்துக்கு வந்திருக்கானா?" என்றார்.

வயர் போகிற துளை வழியாக ரொட்டியைச் சுருட்டி உள்ளே தள்ளினாள். மகள் பிறந்து, அந்தக் கண்ணாடியைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கப் பழகினாள். அதைப் பார்த்த அன்று அவன் பாட்டுக்கு நடுவே மைக்கில், "என்னை வெளிய விடுங்க" என்று கதறினான். கூட்டம் அதைத் தேவனிடம் கேட்கிற ஜெபம் என்று நினைத்துக் கைகளை உயர்த்தித் திரும்பத் திரும்பப் பாடியது. அண்ணன் அதையே பல்லவியாக்கினார். குழு பிரபலமானதே அந்தப் பாட்டால்தான்.

பிறகு டிரம்ஸ் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. கூண்டை அவனோடு லாரியில் ஏற்றி அவள் வீட்டு முன்னறையில் இறக்கிவிட்டுப் போனார்கள். கூட்டம் குறைந்துபோன ஒரு வருடம், அண்ணன் கேமராவோடு வந்து கண்ணாடிமேல் கை வைத்து ஜெபித்தார். கதவு உண்மையாகவே வந்தது, கைப்பிடி தாழ்ப்பாள் சகிதம். தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்பக்கம் தாழ் போட்டான்.

"என்னடா பண்றே, கேமரா ஓடுதுடா."

"அவர் வரல அத்தான். நீங்க கிளம்புங்க," என்றாள் அவள்.

இப்போது அவள் பெருக்கப் போகும்போதும், மகள் வீட்டுப்பாடம் எழுதப் போகும்போதும் கதவு திறக்கிறது. அவன்தான் வெளியே வருவதில்லை. தெருவில் ஏதாவது ஒரு கடையில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. கூண்டுக்குள் அது கேட்பதில்லை.