நூற்றுப் பன்னிரண்டு பதில்கள்

‘ஒரே மணி நேரத்தில் 112 பதில்கள்! வாட்ஸ்அப்பில் உங்கள் கல்லூரி நூலகம். நவம்பர் 18, மாலை 3 முதல் 4 வரை.’ கீழே மாரிச்செல்வத்தின் படம். நூலகர் கோமதிசங்கர் தயாரித்த போஸ்டர்.

“தேதிய மட்டும் எடுத்திரலாமா சார்?” உதவி நூலகரான மாரிச்செல்வம் அவர் மேசை முன்னால் நின்று கேட்டான்.

“தேதி இல்லன்னா அளந்து விடுதானுவன்னு சொல்லிருவானுவ. நாளைக்குக் காலைல பேஸ்புக்ல போடுதேன். நீரு கொஞ்சம் சிரியும்வே.”

அவருக்கு நினைவிருந்தது இருபதாம் தேதிதான். அன்றுதான் மாரிச்செல்வத்தின் மனைவி இசக்கிசெல்வியின் உடலுக்கு மாலை போட வந்திருந்தார். பதினெட்டாம் தேதி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது வீட்டாருக்கு மட்டும் தெரியும்.

தேர்வுக் காலத்தில் பழைய வினாத்தாள் கேட்பவர்களுக்கெல்லாம் மாரிச்செல்வத்தின் எண்ணிலிருந்துதான் பதில் போகும். வாட்ஸ்அப்பில் மேலே பின் பண்ணி வைக்க மூன்றே இடம். இரண்டு நூலகக் குழுக்கள், மூன்றாவது செல்வி. அவளை எடுத்துவிட்டு ஆய்வு மாணவர் குழுவை வைத்தான். அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“என்னையக் கீழ தள்ளிட்டீயளாக்கும்? நானும் வினாத்தாள் கேட்டாத்தான் பதில் வருமோ?”

வேலை நேரத்தில் கூப்பிடாதே, மெசேஜ் போடு என்று சொன்னதும் அவன்தான். போட்டாள். ‘மூச்சு முட்டுது. வாங்க.’ பதினெட்டாம் தேதி, மணி 3.09. அவன் பார்த்தபோது 4.02. குத்துக்கல்வலசை வீட்டுக்குப் பைக்கில் பத்தே நிமிடம்.

குற்றாலம் பக்கம் மழையில் டவர் இல்லை என்று அத்தையிடம் சொன்னான். செல்வியின் அம்மா வடிவம்மாள் நம்பினாள். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தபோது மாப்பிள்ளைக்காகச் சண்டை போட்டாள். அவன் கல்லூரிப் படம் எது பேஸ்புக்கில் வந்தாலும் முதல் லைக் அவளுடையது.

போஸ்டரைப் பார்த்த அன்று மாலையே வீரகேரளம்புதூருக்கு, அத்தை வீட்டுக்கு வண்டியை விட்டான்.

“வாங்க மாப்பிள. என்ன இப்பிடி மெலிஞ்சிட்டீய?” காப்பியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். “வார வழியில ஒரு டவர் நிக்கில்லா, அதப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது. இடி விழ.”

“அன்னைக்கு டவர் இருந்துச்சு அத்தை.”

போஸ்டரைத் திறந்து போனை நீட்டினான். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு விரல் வைத்து வாசித்தாள். முதலில் அவன் படத்தைப் பார்த்து முகம் மலர்ந்தது. பிறகு தேதிக்கு வந்தாள்.

“மூணுல இருந்து நாலு.”

“ஆமா.”

“அவ எத்தன மணிக்குப் போட்டா?”

“மூணு ஒம்பது. நாந்தான் பாக்கல.”

அவள் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

“நூத்திப் பன்னெண்டு பேருக்குச் சொல்லிருக்கீய. எம்புள்ளைக்கு ஒண்ணுகூடவா இல்ல?”

அவள் போனை அவன் மடியில் வைத்தாள். காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தொட்டியில் கொட்டும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி வரவில்லை.

பிறகு கோமதிசங்கருக்கு எழுதினான்.

‘தேதி இருக்கட்டும் சார். என் படத்த எடுத்திருங்க.’