மலைப் பக்கத்துச் சுவர்

கார்த்திகை மாதத்துக்கென்று ஓர் அடக்கம் உண்டு. ஐப்பசியின் ஆரவாரம் ஓய்ந்து, பொழிந்து களைத்த மேகம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து நிற்கும். கடலோரத்து ஈரக்காற்று திருக்கழுக்குன்றத்துத் தெருக்களில் ஓசையின்றி நுழைந்து உலவும். குளம் நிறைந்து, படிகள் ஒவ்வொன்றாக நீருக்குள் இறங்கும். மலைமேல் கோயில் கொண்டவன் பகலெல்லாம் முகிலுக்குள் மறைந்திருந்து, அந்தி மயங்கும்போது ஒரு கணம் முகம் காட்டுவான். அப்போது வாசல்தோறும் அகல் ஏறும். ஆன்றோர் இதனை ஒளியின் திங்கள் என்றே போற்றினர். ஆயினும் அவ்வாண்டு, குளத்தை ஒட்டிய ஒரு தெருவில், எத்தனை அகல் ஏற்றியும் விலகாத அச்சம் ஒன்று நான்கு நாட்களாகக் குடியிருந்தது.

காலை ஏழு மணிக்கு விஜயகுமாரி நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளைக் கையில் பிடித்தபடி குடியிருப்பவரின் வாசலில் வந்து நின்றாள். வீடு அவளுடையதுதான். ஆனாலும் நிலைப்படியைத் தாண்டவில்லை. உள்ளே கட்டிலில் கல்யாணி கண்மூடிக் கிடந்தாள். மூச்சு ஏறும் ஒலி வாசல்வரை கேட்டது.

"தப்பா நெனைக்காதீங்க சார். ஒண்ணே முக்காலுக்கு அவிட்டம் பொறக்குது. அதுக்குள்ள அம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு பூடுங்க. கையெடுத்துக் கும்புடுறேன்."

திருநாவுக்கரசு மனைவியின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். செங்கல்பட்டு மருத்துவர்கள் இனித் தங்களால் ஆவது ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பி இருபது நாளாயிற்று என்றும், வீட்டிலேயே கண்மூட வேண்டும் என்பது அவள் கேட்டுக்கொண்ட ஒரே வரம் என்றும் அவர் முன்னரே இருமுறை சொல்லியிருந்தார். இப்போது நிமிராமலேயே சொன்னார்.

"அவ எங்கயும் வரலம்மா."

"அப்ப எம்புள்ளைய நெனச்சுப் பாருங்க. தையில கண்ணாலம் வெச்சிகினு கீறேன்."

அவள் குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் பொய்யன்று.

அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் அதனை அடைப்பு என்பர். உடலை வாசல் வழியே எடுக்கலாகாது. சுவரை இடித்து, அந்தத் துளை வழியே வெளியேற்ற வேண்டும். பின்னர் வீட்டைப் பூட்டி ஆறு திங்கள் விளக்கின்றிப் போட்டுவிட வேண்டும். தவறினால் அவ்வீட்டைச் சேர்ந்த இன்னோர் உயிர் போகும் என்பது நம்பிக்கை. எட்டாண்டுகளுக்கு முன் இதே வீட்டில் வேறொரு குடித்தனக்காரர் சதயத்தில் இறந்தார். அவருடைய பிள்ளைகள் சுவரை இடிக்க ஒப்பாமல் வாசல் வழியே எடுத்துவிட்டனர். நான்காம் மாதம் விஜயகுமாரியின் கணவன் முனிசாமி போய்ச் சேர்ந்தான். அன்று தொடங்கிய அச்சம் அவளை விட்டு நீங்கவே இல்லை.

முனிசாமி எப்படி இறந்தான் என்பது வேறு கதை. தோஷம் நீங்க நாற்பத்தெட்டு நாள் வெறுங்காலோடு மலையை வலம் வருவதாக நேர்ந்துகொண்டான். சர்க்கரை நோயாளி. பத்தாம் நாள் குதிகாலில் கல் குத்தியது. வேண்டுதலை இடையில் நிறுத்த அஞ்சிப் புண்ணோடு நடந்தான். சீழ் முழங்கால் வரை ஏறிய பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

அடைப்பு விழுந்த வீடு என்று எவரும் குடிவராதிருந்தபோது மகிழ்ச்சியோடு வந்தவர் திருநாவுக்கரசு. திருவாரூர்ப் பக்கம். பிள்ளைகள் இல்லை. கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி வளாகத்தில் கதிர்வீச்சை அளக்கும் கருவிகளோடு முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்தவர். தந்தை சூட்டிய அடியார் பெயரைச் சுமந்துகொண்டே கடவுள் இல்லை என்று சொல்பவர். கண்ணுக்குத் தெரியாததையும் அளந்துவிடலாம், அளக்க முடியாத ஒன்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. மலைக்கு நாள்தோறும் உச்சிவேளையில் வந்து அமுதுண்ட கழுகுகள் வராமற்போனது கலியின் கேடு என்று படிப்பகத்தில் பேச்சு வந்தால், மாட்டுக்குப் போட்ட வலி ஊசியே கழுகினத்தை அழித்தது என்று எழுந்து நின்று விளக்குவார். விளக்குவதில் தவறில்லை. யாரிடம், எப்போது என்று பாராததே அவருடைய குறை. குடிவந்த முதலாண்டில் விஜயகுமாரியோடு ஏதோ ஒரு வாக்குவாதத்தில், உங்கள் கணவரை நட்சத்திரம் கொல்லவில்லை, பரிகாரம்தான் கொன்றது என்று சொல்லிவிட்டார். வாதத்தில் வென்றார். அவள் அன்றிரவு உண்ணவில்லை. அவரோடு முகம் கொடுத்துப் பேச ஓராண்டாயிற்று.

கல்யாணியின் வழிபாட்டோடு மட்டும் அவருக்குச் சண்டை இருந்ததில்லை. அவள் இறைவனிடம் எதையும் கேட்டவளல்லள். விடியலில் அகலை ஏற்றி ஒரு பதிகம் பாடுவாள், எழுந்துவிடுவாள். நாற்பதாண்டுகள் கேட்டதில் அவருக்கும் அத்தனையும் மனப்பாடம். நோயில் அவளுக்கு நினைவு தடுமாறத் தொடங்கிய பின், அடி மறந்து அவள் நிற்கும்போதெல்லாம் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே அடுத்த அடியை அவர் எடுத்துக்கொடுப்பார். "நாத்திகம் நல்லாத்தான் பாடம் பண்ணியிருக்கு," என்று அவள் சிரிப்பாள். கைநடுக்கம் வந்தபின் அவளுக்காக அகலை ஏற்றியதும் அவரே. மருந்து கொடுப்பதைப் போல, நேரம் தவறாமல்.

அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. அந்த வீட்டின் பின்சுவருக்கு அப்பால்தான் மலை. ஆனால் சுவரில் சாளரம் இல்லை. நான் செலவு செய்து வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். அது தென்மேற்கு, கன்னி மூலை. அங்கே துளையிட்டால் குடி கெடும் என்று விஜயகுமாரி மறுத்துவிட்டாள். ஆறாண்டுகள் அந்தச் சுவரைப் பார்த்தே கல்யாணி பாடினாள்.

ஒன்பது மணிக்குச் சாராள் வந்தாள். இறுதி நிலை நோயாளிகளை வீடு தேடிச் சென்று பார்க்கும் செவிலி. நாடி பார்த்தாள், உதட்டை நனைத்தாள். இன்று தாண்டாது என்றும், காது கேட்கும், பேசிக்கொண்டிருங்கள் என்றும் அவரிடம் மெல்லச் சொன்னாள். வெளியே வந்தவளை விஜயகுமாரி மறித்தாள்.

"ஒண்ணே முக்காலுக்குள்ள ஆயிடுமா சிஸ்டர்?"

சாராள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாக்கா இது, பஸ் டைமா?"

ஆனால் தெரு முழுவதும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பால்காரி கேட்டாள். எதிர்வீட்டார் வெளிக்கதவருகே நின்று கைப்பேசியில் மணி பார்த்தனர். பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டனர். ஒரு பெண்ணின் சாவை விரைந்து வரச்சொல்லி ஒரு தெருவே வேண்டிநின்றது. வேண்டியவர்களில் ஒருவரும் கொடியவர் அல்லர்.

பத்தரைக்குக் கல்யாணியின் உதடுகள் அசைந்தன. காலையில் பாடாமல் விட்ட பதிகம். ஓர் அடி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது பாதியில் நின்றது. அவள் காத்திருந்தாள்.

அவர் எடுத்துக்கொடுக்கவில்லை. அந்தக் கணத்தில் அவர் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. இன்னும் மூன்று மணி நேரம். அதற்குள் முடிந்துவிட்டால் இவளை வாசல் வழியே மரியாதையாக எடுத்துப்போகலாம். இடித்த செங்கல்லுக்கு நடுவே இழுக்க வேண்டியதில்லை. போய்விடு கல்யாணி, இப்போதே போய்விடு என்று அவர் நெஞ்சு சொல்லிற்று. கதிர்வீச்சுக் கூடங்களில் ஒருநாளும் நடுங்காத மனிதர், தம் உள்ளத்தைத் தாமே கேட்டு நடுங்கினார்.

"ஏங்க."

அவள் கண் திறந்திருந்தது.

"கடியாரத்தப் பாத்தீங்கள்ல?"

அவர் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"பாக்காதீங்க. அது நம்ம வேலையில்ல." மூச்சு வாங்கினாள். "பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கு இல்ல," என்றாள் கல்யாணி, ஒரு குழந்தையிடம் சொல்வதுபோல.

பிறகு அவள் பேசவில்லை. ஒரு காலத்தில் மலைக்குக் கழுகுகள் இறங்கிய அதே உச்சிவேளையில் மூச்சு நின்றது. தொழில் கற்றுக்கொடுத்த பழக்கத்தால், அவரை அறியாமலே கண் கடிகாரத்துக்குப் போயிற்று. பன்னிரண்டு ஐந்து.

விஜயகுமாரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். துயரமும் நிம்மதியும் ஒன்றாகக் கலந்த அழுகை. முதன்முறையாக நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து கல்யாணியின் காலைத் தொட்டாள். வாசலைக் கழுவச் சொன்னாள். அந்நேரம் அவள் மகன் குமார், சிறுசேரியில் வாடகைக் கார் ஓட்டுபவன், வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"எம்மா, போன் ஆப்புல பத்து இருபதுக்கே அவிட்டம் பொறந்துட்சாம். பொண்ணு வூட்ல இதத்தான் பாப்பாங்க."

ஒரே நிலவுக்கு இரண்டு பஞ்சாங்கம். பழைய சூத்திரம் ஒரு நேரத்தைச் சொல்கிறது, வானைப் பார்த்துத் திருத்திய கணக்கு வேறொரு நேரத்தைச் சொல்கிறது. பன்னிரண்டு ஐந்து இரண்டுக்கும் இடையில் விழுந்திருந்தது. தாயும் மகனும் திருநாவுக்கரசை நோக்கினர். வெளியே நின்றவர்களும் நோக்கினர்.

"நீங்க வானத்தையெல்லாம் படிச்சவரு சார். எது கரெக்ட்டு? நீங்க சொன்னா அதான்," என்றான் குமார்.

ஆறாண்டுகளில் அத்தெரு அவர் சொல்லுக்குக் காத்து நின்றது அன்று ஒருநாள்தான். நாட்காட்டியே சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாசல் திறக்கும், வீடு நிலைக்கும், அந்தப் பெண்ணின் அச்சமும் தீரும். விஜயகுமாரியின் கண்கள் அந்தப் பொய்யைக் கெஞ்சிக் கேட்டன. அவருக்கும் அதைச் சொல்ல ஆசையாகவே இருந்தது. ஆனால் காலையில் ஒருமுறை அவர் அந்த நட்சத்திரத்துக்குப் பணிந்து, உயிரோடிருந்த மனைவியின் சாவை விரும்பியாயிற்று. இரண்டாம் முறை பணிய அவருக்கு உடல் வளையவில்லை.

"ஆப்புல இருக்கறதுதான் சரி. பன்னண்டு அஞ்சுக்கு நிலா அவிட்டத்துலதான் இருந்துச்சு." சற்று நிறுத்தினார். "நிலா எப்பவும் எங்கயாவது ஒரு இடத்துல இருக்கும்மா. அதுக்குக் கல்யாணியத் தெரியாது. உங்களையும் தெரியாது."

பின்பாதியை எவரும் செவிமடுக்கவில்லை.

"ஒரு பொய்யி சொன்னா இன்னா சார்?" விஜயகுமாரியின் குரல் உடைந்தது. "ஒங்களுக்கு எந்தச் சாமி வந்து கண்ணக் குத்தப்போவுது?"



கொத்தனார் கடப்பாரையோடு வந்தார். முன்பக்கம் தெரு, இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர்கள். இடிக்க எஞ்சியது பின்சுவர் ஒன்றே. கன்னி மூலை என்பது அப்போது யாருக்கும் நினைவில் இல்லை. ஓர் அச்சம் காத்துவந்த சுவரை அதைவிடப் பெரிய அச்சம் இடித்தது. ஒவ்வோர் அடிக்கும் கட்டில் அதிர்ந்தது. திருநாவுக்கரசு மனைவியின் முகத்தில் தூசு விழாமல் துண்டை விரித்துப் பிடித்திருந்தார். ஐந்தாறு செங்கல் சரிந்ததும் அறைக்குள் ஒளி புகுந்தது. தலைநிமிர்ந்தார்.

துளையில் மலை நின்றது. மழையில் கழுவிய பாறை, படிகள், உச்சியில் கோபுரம். முகில் விலகியிருந்தது.

நால்வர் குனிந்து, பாடையைச் சாய்த்து, அவளை அவ்வழியே வெளியேற்றினர். செங்கல் விளிம்பு தலையில் உராயாதபடி அவர் தம் கையை இடையில் வைத்துக்கொண்டார். புறங்கை கிழிந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது அந்தி. தெருவெங்கும் அகல்கள். அவர் வீட்டு முன்கதவில் பூட்டு தொங்கியது. துணிமணிகள் ஒரு பெட்டியில் வாசலில் இருந்தன. செங்கல்பட்டில் தன் வீட்டு மாடி அறையைச் சாராள் ஒழித்துவைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். அவர் பெட்டியை எடுக்கவில்லை. தெருக்கோடியைச் சுற்றி வீட்டின் பின்புறம் போய், அவள் வெளியேறிய துளை வழியே குனிந்து உள்ளே நுழைந்தார்.

மாடத்தில் அகல் இருந்தது. எண்ணெய் இருந்தது. திரியை விரல்களில் திரித்து, இடிந்த சுவரின் விளிம்பில் அகலை வைத்து ஏற்றினார். ஆறு திங்கள் இருண்டு கிடக்க வேண்டிய வீட்டில் சுடர் மலையை நோக்கி எழுந்து நின்றது. மேலே, கலைந்த முகிலுக்கிடையில், அரைநிலா ஒன்றும் அறியாமல் அவிட்டத்தில் இருந்தது. அவர் கைகுவிக்கவில்லை. காலையில் அவள் பாதியில் நிறுத்திக் காத்திருந்த மூன்றாம் அடியை எடுத்து, நான்காம் அடியையும் சேர்த்துத் சொல்லி முடித்தார். அவர் நம்பாத அந்தத் தெய்வம் அதைக் கேட்டது என்றே நான் நம்புகிறேன்.

வெளியே குமார் நின்றிருந்தான். துளையை அடைக்கக் கொத்தனாரை அழைத்துவந்தவன், அவரைத் திருப்பி அனுப்பிவிட்டிருந்தான்.

"சார், ஆறு மாசம் கயிச்சி வூட்டத் தொறக்கசொல்லோ, இந்த எடத்துல ஜன்னல் வெச்சிடுறேன்."

அவர் துளை வழியே வெளியே வந்தார். அவன் சட்டென்று குனிந்தான். தொலைவிலிருந்து அவன் தாய், தீட்டுடா, தொடாதடா என்று பதறுவது கேட்டது. அவன் கை அதற்குள் அவர் பாதத்தில் பட்டுவிட்டது.

யாரையும் வாழ்த்திப் பழகாதவர் அவர். கிழிந்த கையை அவன் தலைமேல் வைத்தார்.

"பயமில்லாம இரு," என்றார். "நீயும் வரப்போற பொண்ணும், ரெண்டு பேரும் பயமில்லாம நல்லா இருங்க."