புருவ மேடு

கண்ணாடிச் சட்டத்துக்கு அளவெடுத்தாயிற்று, சுவரில் ஆணியும் அடித்தாயிற்று. படத்தில் இருக்கவேண்டிய மனுஷன்தான் இல்லை. தொண்ணூற்றேழு தையில் தனுஜாவுக்குக் கல்யாணம். அப்பா படத்தைக் கும்பிடாமல் மணவறையில் உட்காரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். காத்தமுத்துவோ ஆயுசில் ஒரு படம் எடுத்துக்கொண்டவனில்லை. பிறப்புச் சான்று கிடையாது, அதனால் அடையாள அட்டையும் கிடையாது. மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது ஆற்றோடு போய்விட்டான். சவப்பெட்டியை மூடியேதான் கொண்டுவந்தார்கள். முகம் பார்க்கிற மாதிரி இல்லை என்றார்கள்.

அதைக் கேட்டு அவன் பெண்சாதி ஜெயம்மா தன் வாயிலேயே அறைந்துகொண்டது ஏன் என்று யாருக்கும் தெரியாது. அவன் போன அன்று காலை, கசிப்புச் சாராய வாடையோடு வாசலில் நின்றவனிடம் அவள் சொன்னது இதுதான்: "இனிமே இந்த மூஞ்சிய எனக்குக் காட்டாதீங்க." ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல், கொட்டுகிற மழையில் ஆற்றுப் பக்கம் இறங்கினான். வழுக்கி விழுந்தானா, அவள் சொல்லைக் காப்பாற்றத்தான் போனானா? இத்தனை வருஷமும் இந்தக் கேள்வியோடுதான் அவள் படுத்து எழும்புகிறாள்.

தெஹியோவிட்ட டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த ஸம்சுதீன் ஒரு வழி சொன்னார். காத்தமுத்துவின் தம்பி சின்னத்தம்பியைப் படம் பிடித்து, பென்சிலால் திருத்தி அண்ணனாக்கிவிடலாம். மூக்கு, வாய், தாடை எல்லாம் ஒரே அச்சு. ஆனால் படம் வந்தபோது ஜெயம்மா உதட்டைப் பிதுக்கினாள். காத்தமுத்துவுக்குக் கண்ணுக்கு மேலே எலும்பு கூரைத் தாழ்வாரம் மாதிரி முன்னால் தள்ளி நிற்கும். வெயிலில் நின்றால் கண் எங்கே பார்க்கிறது என்றே தெரியாது. சிரித்தாலும் முறைப்பதாகத்தான் தோன்றும். கங்காணியே அவனிடம் தணிந்துதான் பேசுவார். தம்பிக்கு அந்த இடம் வழவழவென்று கிடந்தது.

"பென்சில்ல கீறினா மை பூசின மாதிரித்தான் ஈக்கி. எலும்பு வேணும், நிழல் தானா விழணும்," என்றார் ஸம்சுதீன்.

சின்னத்தம்பி தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, திரண்ட ரப்பர் பாலைத் தகரப் பேணியில் போட்டு எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டான்.

"ஏன் அண்ணி, உயிரோட இருக்கிறவன் மூஞ்சிக்கா மாலை போடப்போறீங்க?" என்று சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததால் அவனும் நிறுத்திக்கொண்டான்.

ஜெயம்மாதான் பாலைப் பிசைந்து அவன் புருவத்தில் அப்பினாள். கண்ணை மூடிக்கொண்டே அப்பினாள். விரல்களுக்கு அளவு மறந்திருக்கவில்லை. ஸம்சுதீன் மேலே பவுடரும் கரியும் பூசினார். "வாயத் தொறக்க வாணாம், பால் வெடிச்சிரும்," என்று சொல்லி விளக்கைப் போட்டார்.

நிழல் விழுந்தது. சின்னத்தம்பியின் கண்கள் உள்ளே போய்விட்டன. நாற்காலியில் காத்தமுத்து உட்கார்ந்திருந்தான். ஜெயம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மனசுக்குள் கேட்டாள்: நான் சொன்னதுக்காகவா போனீங்க?

உதடுகள் அசையவில்லை. இமை கொட்டாமல் பார்த்தாள், இறுக மூடியேதான் இருந்தன. படம் எடுத்து முடிந்ததும் சின்னத்தம்பி பாலைப் பிய்த்து எறிந்துவிட்டு, தண்ணீர் கேட்டு முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். பஸ்ஸில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்காரவுமில்லை.

படத்தைக் கையில் கொடுத்தபோது ஸம்சுதீன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் பென்சிலே வைக்கல்ல. பிலிம்ல ஈக்கிறதுதான்," என்றார்.

படத்தில் வாய் திறந்திருந்தது. கொட்டாவியுமில்லை, சிரிப்புமில்லை. பேசத் தொடங்கி நிற்கிற வாய்.

கல்யாணத்தன்று காலை, பட்டுச்சேலையோடு தனுஜா படத்துக்கு முன்னால் நின்றாள். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"அம்மா, அப்பா என்னமோ சொல்ல வர்றாருல்ல?"

"நீ போ. மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்துட்டாங்க."

மகள் போனதும் ஜெயம்மா காம்பராக் கதவைச் சாத்தினாள். படத்தை ஆணியிலிருந்து கழற்றி, மாலையை விலக்கி, குளிர்ந்திருந்த கண்ணாடியில் காதை வைத்தாள்.