சிவப்பு நூல் கட்டிய தவளை

நெல் மூட்டை தூக்க முதுகு மறுத்த பிறகு, வீட்டிலேயே ஆராய்ச்சி செய்யும் ஹஸன் சேரிடம் எனக்குத் தவளை வேலை கிடைத்தது. வாய்க்காலில் பிடித்து வருவேன், தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவேன். பாதித் தவளைகளின் காலில் சிவப்பு நூல் கட்டுவோம். அவை நீல லாம்பின் கீழ் கிடப்பவை. வெள்ளை நூல் கட்டியவற்றுக்கு லாம்பு இல்லை.

"இது ஊதாக் கடந்த கதிர். வெயில்லயும் இரிக்கி, கண்ணுக்குத் தெரியா," என்பார் சேர். "லாம்பு எரியக்குள்ள உள்ள நிக்காத."

கரண்ட் அடிக்கும் என்பதற்காகச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

அந்தக் கிழமை எங்கள் பச்சைப்பிள்ளைக்குச் செங்கமாரி முற்றியது. கண்வெள்ளை மஞ்சள், உள்ளங்காலும் மஞ்சள். பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தது. ஊர் மருத்துவிச்சி மிஸ்ஸி வந்து பார்த்தார்.

"உடன மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அங்க நீல லைட்டுக்குக் கீழ போட்டு வைப்பாங்க."

கலவரத்தில் மட்டக்களப்பு ரோட்டு பூட்டிக் கிடந்தது.

என் மனைவி றாஹிலா என்னைப் பார்த்தாள். "உங்கட தவளைக்கு அடிக்கிறதும் நீல லைட்டுத்தானே?"

"ஓம்."

"தவளைக்குக் குடுத்து வெச்சது எண்ட புள்ளைக்கு இல்லியா?"

"கேட்டா சேர் விட மாட்டார்."

"அப்ப கேக்காதீங்க."

வெள்ளிக்கிழமை சேர் ஜும்ஆவுக்குப் போனார். நான் போகவில்லை. சாவி என்னிடம் இருந்தது; றாஹிலாவையும் பிள்ளையையும் கூட்டிப் போய் லாம்பு அறையைத் திறந்தேன்.

அறைக்குள் மேசையில் இடமில்லை. காலையில் சேர் அறுத்துப் பார்த்த இரண்டு தவளைகள், தட்டுகளில் துணி மூடிக் கிடந்தன. ஒதுக்கும்போது துணி விலகியது. வெள்ளை நூல் தவளையின் ஈரல் பளபளவென்று இருந்தது. சிவப்பு நூல் தவளையின் ஈரல் வீங்கிக் கறுத்து, இடையிடையே சாம்பல் பூத்திருந்தது. மூத்திரம் பிரிக்கும் குண்டிக்காயில் இரத்தம் கட்டியிருந்தது. திருப்பிப் பார்த்தேன். முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. நேற்றுத்தான் என் கையிலிருந்து துள்ளி ஓடப் பார்த்த தவளை.

றாஹிலா பிள்ளையின் சட்டையைக் கழற்றிவிட்டாள். "என்ன யோசின? போடுங்க லாம்ப."

"புள்ளையத் துணியால சுத்து."

"ஏன்?"

தட்டைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"தோல் நல்லாத்தானே இரிக்கி?"

"ஓம். தோல் நல்லாத்தான் இரிக்கி. இது ஆஸ்பத்திரி லைட்டு இல்ல."

அவள் துணியை எடுத்தாள். பிள்ளையைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அங்கிருந்து நேரே கடற்கரைக்குப் போனோம். தோணிக்கார ஹமீட் தலையைச் சொறிந்தான். "தவளைக்காரர், மட்டக்களப்புக்குக் கொண்டு போய் விடலாம். ஆனா நேவிக்காரன் கிட்ட வந்தா புள்ள அழப்படாது."

"அது அழுறதையே விட்டுட்டுது," என்றாள் றாஹிலா.

ஹமீட் தோணியைத் தள்ளினான்.

உச்சி வெயில். தோணியில் நிழல் இல்லை. றாஹிலா பிள்ளையின் மேல் கவிழ்ந்து இருந்தாள். நான் சட்டையைக் கழற்றி அவர்கள் இருவருக்கும் மேலே விரித்துப் பிடித்தேன். இத்தனை வருடம் சுமந்த வெயில் என் வெறும் முதுகில் விழுந்தது. வழக்கம்போல, ஒன்றும் செய்யாததுபோல.